ஐந்தாவது இலை

கூடைக்கு அடி இல்லை என்று தெரிந்த அன்றைக்கே என் மாமியாருக்கு அந்த ஆட்டத்தின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

"போட்ட பந்து நிக்காத கூடையில இன்னாத்துக்குடா போயி போயி போட்டுக்கினு கெடக்குற?" என்று மகனைக் கேட்பார்.

"அடி இருந்தா ஒருவாட்டிதாம்மா போட முடியும். இல்லாததாலதான் திரும்பத் திரும்பப் போடறோம்" என்பார் என் வீட்டுக்காரர்.

"அப்ப உன் சம்பாத்தியம் மாதிரின்னு சொல்லு."

நான் அடுப்புக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் இருக்கும்போது அத்தை முன்னால் வாய்விட்டுச் சிரிக்க எனக்கு வெட்கம்.

அறுபதுகளில் செஞ்சியில் கூடைப்பந்து என்றால் என் வீட்டுக்காரர்தான். நானே சொல்லக் கூடாது, ஊர் சொன்னது. கோட்டைக்குப் போகிற ரோட்டில் பள்ளிக்கூடத்து மைதானம் இருந்தது. இரண்டு பக்கமும் மரக்கம்பம், அதில் பலகை, பலகையில் இரும்பு வளையம். வலை கட்டினால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் வலை கிடையாது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கின பிறகு ஆட்டம் தொடங்கும். அவர் எட்டாவது படிக்கும்போது டிரில் மாஸ்டர் அவருடைய உயரத்தைப் பார்த்துப் பந்தைக் கையில் கொடுத்தாராம். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பந்து நிற்கவில்லை.

பிறகு ஊரில் பெரிய மல்லாட்டை மண்டி வைத்திருந்த முதலாளி ஒரு டீம் சேர்த்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். முதலாளியின் மகனும் அந்த டீமில் ஒரு ஆள். என் வீட்டுக்காரருக்கு மண்டியில் எடை போடுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். எனக்கும் அங்கேயே மல்லாட்டை உடைக்கிற வேலை கிடைத்தது. ஆட்டக்காரன் பெண்டாட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நாங்கள் சேரிக்காரர்கள். அந்தக் காலத்தில் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள் இல்லையா, அந்தக் கோட்டைத் தாண்டி அவர் உள்ளே போய்விட்டால் முதலாளி மகனுக்கு அவர் அண்ணன். "அண்ணே, இங்க குடுண்ணே! அண்ணே, போடுண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்துவான். புள்ளி விழுந்தால் ஓடி வந்து கட்டிக்கொள்வான். வேர்வையோடு வேர்வை ஒட்டும். விசில் ஊதி எல்லோரும் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால், "டேய், பந்தைத் தொடச்சு வெய்டா" என்பான். மற்ற நாலு பேருக்கும் கலர் சோடா வரும். என் வீட்டுக்காரர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பார், ஒருவன் மேலே இருந்து தண்ணீர் ஊற்றுவான். நான் வேலி ஓரத்தில் மற்ற பெண்களோடு நின்று இதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உயரமான ஆள், ஊற்றுகிறவன் கைக்குக் கீழே போக வேண்டுமென்றால் முட்டியை மடக்கித்தான் நிற்க வேண்டும்.

திண்டிவனத்தில் ஒரு போட்டிக்குப் போய்விட்டு வந்த அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மெட்ராஸில் ஒரு மில். அந்த மில்லுக்கு ஒரு டீம். அதற்கு ஆள் பார்க்கிற மனிதர் திண்டிவனத்தில் இவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வேலை தருகிறோம், இருக்க வீடு தருகிறோம், வந்துவிடு என்றாராம். இந்த வருஷக் கோப்பைக்குச் செஞ்சியில் வரப்போகிற கடைசி ஆட்டத்தை வந்து இன்னொரு முறை பார்க்கிறேன், அன்றைக்குப் பதில் சொல் என்று சொல்லியிருக்கிறார்.

"வூட்டுக்குள்ள கொழாயாம்" என்றார். "திருவுனா தண்ணி."

அதை மட்டும் அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இத்தனை ஆசை வந்திருக்காது. எனக்கு அப்போது நாலு மாதம். எங்கள் கிணற்றில் கோடையில் சேறுதான் வரும்.

"போயிடலாங்க" என்றேன்.

"மொதலாளிக்கு இன்னா சொல்றது?"

"போறேன்னு சொல்றது."

"லேசா சொல்லிட்ட. அவரு இல்லன்னா நான் ஏது?"

எப்படியோ சங்கதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. திட்டுவார் என்று நினைத்தோம். அவர் திட்டவில்லை. சந்தை நாள், மண்டி நிறைய வியாபாரிகள். எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரரைக் காட்டி, "இவனை மெட்ராஸ்காரன் கூப்புடறானாம். எங்க வூட்டுப் புள்ளடா இவன். வூட்டுப் புள்ள வூட்ட வுட்டுட்டு எங்க போவும்?" என்று சொல்லிச் சிரித்தார். வியாபாரிகளும் சிரித்தார்கள்.

அன்று முழுக்க என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லை விடவில்லை. கை கழுவும்போது ஒருமுறை, பாயில் உட்கார்ந்தபடி ஒருமுறை. "வூட்டுப் புள்ளன்னு சொன்னாரு மே. அத்தினி பேரு முன்னாடி."

"வூட்டுப் புள்ளைக்குக் கையில ஏங்க தண்ணி ஊத்தறாங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சாங்கிளாசு படிச்சவளுக்கு எல்லாம் தெரியும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மண்டியில் வேலை முடிந்து பெண்கள் வெளியே வரும்போது வாசலில் மேஸ்திரி நிற்பார். ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உடைக்கிற பருப்பைத் தின்கிறோமா என்று பார்ப்பதற்கு. அந்த வாரம் ஒருநாள் என் வாயில் அரைத்தது கொஞ்சம் இருந்துவிட்டது. மசக்கை, தாங்கவில்லை.

"நாக்க நீட்டு" என்றார் மேஸ்திரி. நீட்டினேன். "துப்பு. கையில துப்பு. எல்லாருக்கும் காட்டு."

உள்ளங்கையில் துப்பி, வரிசையில் நின்ற பெண்களுக்கு நேரே கையை நீட்டிக் காட்டினேன். எனக்குச் சாதாரணமாகவே நாலு பேர் பார்த்தால் கால் பின்னிக்கொள்ளும். எடைத் தராசுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முதலாளி மகனும் அங்கேதான் இருந்தான். "இன்னாடா, உன் பொண்டாட்டி ஆட்டம் ஆடறவனுக்கு மேல தின்றாளே" என்றான். என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் குற்றமாகச் சொல்லமாட்டேன். அவருக்கு அங்கே வேறு என்ன செய்ய இடம் இருந்தது?

வீட்டுக்கு வந்ததும், "மெட்ராஸ் வேணாம் மே" என்றார். "ஊரு தெரியாது. பாஷை ஒரு மாதிரி. இங்கன்னா நாலு பேருக்கு நம்மளத் தெரியும்."

அத்தைக்கும் அதுதான் சரி என்று பட்டது. குழாயை மறந்துவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்துப் பக்கம். போன வருஷம் கோப்பை ஜெயித்த டீமை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. "டீமு மொத்தமும் செவப்பு பனியனோட வந்துடணும். மாப்ள கார்லேர்ந்து எறங்கறப்ப ரெண்டு பக்கமும் நிக்கணும். சாப்பாடு நம்ம வூட்டுல" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சிவப்புப் பனியனை நான் கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்பை வைத்துத் தேய்த்துக் கொடுத்தேன்.

எனக்கும் அங்கே வேலை இருந்தது. எங்கள் தெருப் பெண்களைப் பந்தி இலை எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் பந்தலுக்குள் போகக் கூடாது. உள்ளே இருக்கிறவர்கள் இலைகளைக் கூடையில் வாரிக் கொண்டுவந்து பின்பக்கம் கொட்டுவார்கள், அதை நாங்கள் எடுத்துப் போய்க் குழியில் போட வேண்டும். கடைசிப் பந்திக்குப் பிறகு எங்களுக்குச் சோறு.

மாப்பிள்ளை அழைப்பில் என் வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் மேலே தலை தெரிய நின்றாராம். மாப்பிள்ளையே கையைக் குலுக்கினாராம். பின்பக்கம் வந்து சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் பந்தி உட்கார்ந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒருவன் ஒரே ஒரு இலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். மடித்த இலை விரிந்துவிட்டது. சோறு அப்படியே இருந்தது. பருப்பு ஊற்றி, நெய் விட்டு, பொரியல், அப்பளம், இனிப்பு, ஒன்றிலும் கை வைக்கவில்லை.

"யாரு மவராசன்? சோத்த இப்படிப் போட்டுட்டு எழுந்துட்டான்?" என்றாள் என்னோடு இருந்தவள்.

இலைக்குப் பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார்.

நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. பந்தலில் கம்பம் பிடித்து நின்றிருந்தவன் சொன்னான். டீம் ஆட்கள் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்களாம். ஐந்து இலை. இவர் கடைசி. பரிமாறி முடிந்து, அந்த 'வூட்டுப் புள்ள' கையை நனைத்துக்கொண்டு சோற்றைப் பிசையப் போகும்போது, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "அந்த உயரமான தம்பி யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டாராம். நல்லதுக்குத்தான் கேட்டாராம். முதலாளி தன் மகனைப் பார்த்தார். மகன் இடது கையால் இவர் தோளைத் தட்டினான்.

"டேய், எழுந்திரு. பின்னாடி போ."

"நீங்கதானே டீமோட குந்தச் சொன்னீங்க?"

"நிக்கத்தாண்டா டீமு. எழுந்திரு."

அவர் எழுந்தார். அந்த இடம் காலியாகவே இருக்க, மற்ற நாலு பேரும் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் மட்டும் தன் இலையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டானாம்.

பின்பக்கம் வந்து எங்கள் நடுவில் நின்றார். சிவப்புப் பனியன், கேன்வாஸ் ஷூ. கீழே கிடந்த இலையைப் பார்த்தார். முதலாளி பின்வாசல் வரை வந்தார். மனசு கேட்கவில்லைபோல.

"கோச்சுக்காதடா. சம்பந்தி வூடு. உனக்கு எங்க போனா இன்னா, இதுவும் நம்ம வூடுதானே. இதே சோறுதானே வரப்போவுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஜோடியா துன்னுங்க" என்று சிரித்தார்.

எங்கள் பெண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் சோறு வர வேண்டும்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். என் வீட்டுக்காரர் நடுவில் இருந்த நாலு நாளும் மண்டிக்குப் போனார், எடை போட்டார், வந்தார். போவதா, இருப்பதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் முதலாளி மகன் சைக்கிளில் எங்கள் தெருமுனை வரை வந்து, உள்ளே வராமல் மணி அடித்தான்.

"அண்ணே! வாண்ணே, நேரமாச்சு!"

கோட்டுக்கு வெளியே அவன் அண்ணே என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பந்தியில எழுப்புனாலும் ஆட்டத்துக்குக் கூப்புடறாங்க பாரு" என்றார் அத்தை. கிண்டலா, பெருமையா, தெரியவில்லை. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு போனார்.

மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூரை மேல் ஏறி நின்றார்கள். முதலாளி நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் வெள்ளைப் பேண்ட் போட்டவர். அவர்தான் மெட்ராஸ் மில்காரர் என்றார்கள். எதிர் டீம் திண்டிவனம்.

என் வீட்டுக்காரர் அன்று ஆடின மாதிரி ஆடினதில்லை. ஆட்டம் எனக்குப் புரியாது, ஆனால் கூட்டம் கத்துவதை வைத்துத் தெரிந்துகொள்வேன். மில்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமம். இன்னும் ஒரு கூடை விழுந்தால் செஞ்சிக்குக் கோப்பை. அப்போது பந்து அவர் கைக்கு வந்தது. கூடைக்குக் கீழே நின்றிருந்தார். எதிரே ஒருத்தரும் இல்லை. கையைத் தூக்கினால் போதும்.

"போடுண்ணே! போடு!"

அவர் குந்திவிட்டார்.

விழவில்லை. பந்தியில் உட்காருகிற மாதிரி, சம்மணம் போட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு குந்தினார். பந்தைத் தனக்கு முன்னால், இலை போடுகிற இடத்தில் வைத்தார்.

முதலில் காலில் அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்கள். விசில் ஊதினார்கள். எதிர் டீம்காரன் வந்து அவர் முன்னால் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு போனான். அவர் தடுக்கவில்லை. முதலாளி மகன் ஓடி வந்து தோளைப் பிடித்து இழுத்தான்.

"எழுந்திருண்ணே! இன்னாண்ணே ஆச்சு? எழுந்திரு!"

"நான் இன்னும் சாப்டல" என்றார் அவர். உரக்கச் சொன்னார். வேலி வரைக்கும் கேட்டது. "சாப்ட்டுட்டு எழுந்திருக்கறேன்."

"அண்ணே, மானம் போவுதுண்ணே. கால்ல வேணா வுழறேன்."

"நீ குந்துடா. பக்கத்துல குந்து. ரெண்டு பேரும் எழுந்திருக்கலாம்."

அவன் குந்தவில்லை. டீமில் ஒருத்தனும் குந்தவில்லை. நாலு பேர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். திண்டிவனத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒரு கூடை போட்டார்கள், இன்னொன்றும் போட்டார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது.

முதலாளி எழுந்து செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் மில்காரர் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பவும் போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மண் விழுந்தது, கல் விழுந்தது. பஸ் கூரை மேல் இருந்தவன் துப்பினான். அவர் எல்லாம் விழுந்து முடிகிற வரை குந்தியிருந்து, பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். புருவத்தில் ரத்தம். நான் முந்தானையால் துடைக்கப் போனேன். அவ்வளவு பேர் பார்க்க அவரைத் தொட்டது அன்றைக்குத்தான்.

பொழுது சாயும் முன்பே மேஸ்திரி தெருமுனைக்கு வந்துவிட்டார். பனியனும் ஷூவும் டீம் சொத்து, நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் மண்டியில் வேலை இல்லை. நான் பனியனை அலசி, ஈரத்தோடு கொண்டுபோய் நீட்டினேன். கையில் வாங்கவில்லை. கீழே போடச் சொல்லி, வேலியில் ஒரு குச்சியை ஒடித்து அதன் நுனியில் தூக்கிக்கொண்டு போனார். எத்தனை பேர் கட்டிப் பிடித்த பனியன் அது.

"குந்தறதுன்னா வூட்டுல குந்துடா. ஊரு நடுவுலயா குந்துவ?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒருநாள் பந்தியில சோறு போடலன்னா, தெனமும் போட்டுக்கினு இருந்தவன் கையையுமா ஒடிப்ப?"

விடிந்ததும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மில்காரர் மெட்ராஸ் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. நல்லபடியாகத்தான் பேசினார்.

"தம்பி, உன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல. நேத்து அதுவரைக்கும் ஆடின மாதிரி மெட்ராஸ்லயே நான் பார்த்ததில்ல. ஆனா ஆட்டத்தை நடுவுல விடறவனை எங்க டீம்ல எப்படிச் சேர்க்கறது?"

நான் அன்னிய ஆம்பிளையிடம் அதுவரை வாய் திறந்ததில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பந்தியில எழுப்பிட்டாங்க ஐயா. சோறு வெச்ச பொறவு."

"கேள்விப்பட்டேம்மா" என்றார். "தப்புதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. எங்க மில்லுலயும் கேன்டீன் இருக்கு. அங்கயும் சில பேர் இப்படித்தான். எழுந்திருன்னு சொல்லுவான். அன்னைக்கும் உன் புருஷன் ஆட்டத்துல போய்க் குந்திக்குவானா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இல்லைங்க ஐயா என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மில்காரரும் அதைத்தான் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மெட்ராஸ், மெட்ராஸ் என்று கத்தினான்.

"குந்திக்குவேங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மில்காரர் தலையை ஆட்டிவிட்டு ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கிணறு வெட்டுகிற ஆட்களோடு போனார். பந்தைத் தொடவில்லை. அத்தனை வருஷம் அவர் போட்ட கூடைகளை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிட்டது, குந்தினதை மட்டும் மறக்கவில்லை. 'குந்துனவன்' என்றுதான் சொல்வார்கள். என் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள்கூட, குந்துனவன் வூடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குப் பஸ் கிளம்பிப் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பசிக்குது மே" என்றார். "வா, வூட்டுக்குப் போயி சாப்டலாம்."

வீட்டில் ஒன்றும் இல்லை. அதை நான் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நடந்தேன்.